மைலோமா இரத்தப் புற்றுநோய்க்கு போர்டெசோமிப் ஊசி: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

புது தில்லி: எலும்பு மஜ்ஜையைத் தாக்கும் 'மல்டிபிள் மைலோமா' என்ற இரத்தப் புற்றுநோய்க்கு நாடு முழுவதும் பரவலாக அளிக்கப்படும் மருந்துகளுள் ஒன்று போர்டெசோமிப் ஊசி. வாரத்துக்கு ஒருமுறை அல்லது இருமுறை, வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கு அடியில் செலுத்தப்படும் இந்த ஊசிக்காகப் பெரும்பாலான நோயாளிகள் மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. அதனாலேயே, மருந்தின் பக்க விளைவுகள் பெரும்பாலும் வீட்டில் இருக்கும்போதுதான் தலைகாட்டுகின்றன. அவற்றை முதலில் அறியக்கூடியவர்கள் நோயாளியும் உடனிருக்கும் குடும்பத்தினருமே.

இந்த மருந்தைப் பொறுத்தவரை, அடிக்கடி மறைக்கப்படும் அறிகுறி பாதங்களிலும் விரல்களிலும் ஏற்படும் மரமரப்பு. 'சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்களோ' என்ற அச்சத்தில் சிலர் அதை வெளியில் சொல்வதில்லை. உண்மை இதற்கு நேர்மாறானது. தொடக்கத்திலேயே தெரிவித்தால், மருந்தின் அளவைக் குறைத்துச் சிகிச்சையைத் தொடர வழி இருக்கிறது. மறைத்து முற்றவிட்டால்தான் மருந்தை அடியோடு நிறுத்த வேண்டிய நிலை வருகிறது.

நோய் என்ன செய்கிறது?

எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்கள், கிருமிகளை எதிர்க்கும் புரதங்களை உருவாக்குபவை. இவற்றுள் ஒரு வகை கட்டுப்பாடின்றிப் பெருகுவதே மைலோமா. இந்தச் செல்கள் பயனற்ற ஒரே வகைப் புரதத்தை மிகுதியாகச் சுரக்கின்றன. மருத்துவ அறிக்கைகளில் இது 'எம் புரதம்' எனக் குறிப்பிடப்படுகிறது. நோயின் விளைவாக எலும்புகள் அரிக்கப்படுகின்றன, இரத்தசோகை ஏற்படுகிறது, இரத்தத்தில் கால்சியம் உயர்கிறது, சிறுநீரகங்கள் பாதிக்கப்படுகின்றன. நீங்காத முதுகுவலி, காரணம் புரியாத சோர்வு, அடிக்கடி வரும் நுரையீரல் தொற்று ஆகியவை தொடக்க அறிகுறிகளாக இருக்கலாம்.

மைலோமாவைப் பெரும்பாலான நோயாளிகளிடம் முற்றிலும் ஒழிக்க இயலுவதில்லை. ஆனால், பல ஆண்டுகள் கட்டுப்பாட்டில் வைத்திருக்க இயலும். ஆகவே, சிகிச்சை நீண்ட காலம் தொடரக்கூடியது என்பதை மனத்தில் கொண்டே பக்க விளைவுகளையும் செலவையும் திட்டமிட வேண்டியுள்ளது.

மருந்து செயல்படும் விதம்

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பழுதடைந்த, தேவையற்ற புரதங்களைத் துண்டாக்கி அகற்றும் 'புரோட்டியாசோம்' என்ற அமைப்பு உள்ளது. அழிக்கப்பட வேண்டிய புரதங்களைச் செல் எவ்வாறு அடையாளமிட்டு இந்த அமைப்புக்கு அனுப்புகிறது என்பதைக் கண்டறிந்ததற்காக ஆரோன் சிகனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகியோருக்கு 2004ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

போர்டெசோமிப், இந்தப் புரோட்டியாசோமின் செயலைத் தடுக்கிறது. குப்பை அள்ளப்படாத ஊரைப் போல, செல்லுக்குள் கழிவுப் புரதங்கள் தேங்குகின்றன. மைலோமா செல்கள் மற்ற செல்களைவிட மிக அதிகமாகப் புரதம் உற்பத்தி செய்வதால், அவையே இந்தத் தேக்கத்தால் முதலில் மடிகின்றன. நலமான செல்கள் பெரும்பாலும் மீண்டுவிடுகின்றன. ஆயினும், நரம்புகளும் இரத்தத் தட்டணுக்களை உருவாக்கும் செல்களும் ஓரளவு பாதிக்கப்படுகின்றன. முக்கியப் பக்க விளைவுகள் இவ்விரு இடங்களிலிருந்தே எழுகின்றன.

அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு மே மாதம் இந்த மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 'மேன்டில் செல் லிம்போமா' என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கும் இது பயன்படுத்தப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு தனது அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் மைலோமாவுக்கான மருந்தாக இதைச் சேர்த்தது.

அளவு எப்படிக் கணக்கிடப்படுகிறது?

உயரம், எடை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படும் உடல் பரப்பளவின் அடிப்படையில் மருந்தின் அளவு முடிவாகிறது. வழக்கமான தொடக்க அளவு, ஒரு சதுர மீட்டருக்கு 1.3 மில்லிகிராம். எடுத்துக்காட்டாக, 160 செ.மீ. உயரமும் 60 கிலோ எடையும் உள்ள ஒருவரின் உடல் பரப்பளவு ஏறத்தாழ 1.63 சதுர மீட்டர். அவருக்குத் தேவைப்படுவது சுமார் 2.1 மில்லிகிராம். மருந்துக் குப்பி 2 மில்லிகிராம், 3.5 மில்லிகிராம் போன்ற அளவுகளில் கிடைப்பதால், கட்டண ரசீதில் காணப்படும் குப்பியின் அளவும் உடலில் செலுத்தப்படும் அளவும் வேறுபடலாம். சிகிச்சைக் காலத்தில் எடை கணிசமாகக் கூடினாலோ குறைந்தாலோ மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

கல்லீரல் பாதிப்பு மிதமாகவோ கடுமையாகவோ இருந்தால், தொடக்க அளவு சதுர மீட்டருக்கு 0.7 மில்லிகிராமாகக் குறைக்கப்படுகிறது. சிறுநீரகப் பாதிப்புக்காக இந்த மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியதில்லை. மைலோமாவால் சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு இது பெரும் அனுகூலம். டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு, டயாலிசிஸ் முடிந்த பின்னரே ஊசி போடப்பட வேண்டும். இல்லையெனில் இரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்துவிடக்கூடும்.

எந்தெந்த நாள்களில்?

தொடக்க கால முறைப்படி, 21 நாள்கள் கொண்ட ஒரு சுற்றில் 1, 4, 8, 11 ஆகிய நாள்களில் ஊசி போடப்பட்டு, பின்னர் 10 நாள் ஓய்வு அளிக்கப்படுகிறது. நரம்புப் பாதிப்பைக் குறைக்கும் நோக்கில், வாரம் ஒருமுறை மட்டும் செலுத்தும் முறையும் இன்று பரவலாகப் பின்பற்றப்படுகிறது. எந்த முறையானாலும், இரண்டு ஊசிகளுக்கு இடையே குறைந்தது 72 மணி நேர இடைவெளி இருக்க வேண்டும். குறித்த நாளில் வர இயலாவிட்டால், அடுத்த ஊசியோடு சேர்த்து ஈடுகட்ட முடியாது. உடனே மருத்துவமனையைத் தொடர்புகொண்டு புதிய தேதியைப் பெறுவதே முறை.

போர்டெசோமிப் பெரும்பாலும் தனித்துத் தரப்படுவதில்லை. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும், அதனுடன் லெனலிடோமைடு அல்லது சைக்ளோபாஸ்பமைடும் சேர்த்து அளிக்கப்படுகின்றன. உடல்நிலை இடம் கொடுப்பவர்களுக்குச் சில சுற்றுகளுக்குப் பின் அவர்களது சொந்த ஸ்டெம் செல்களைக் கொண்டே மாற்றுச் சிகிச்சை செய்யப்படுகிறது. ஊசி எந்த நாள், மாத்திரை எந்த நாள் என்பதை ஒரே அட்டவணையாக எழுதி வாங்கிக்கொள்வது குழப்பத்தைத் தவிர்க்கும்.

தோலடியா, சிரை வழியா?

இந்த ஊசியைத் தோலுக்கு அடியிலும் செலுத்தலாம். சிரை, அதாவது கையில் தெரியும் இரத்தக் குழாய் வழியாகவும் செலுத்தலாம். இரண்டையும் ஒப்பிட்டு 222 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2011ஆம் ஆண்டு வெளியாயின. புற்றுநோயைக் கட்டுப்படுத்துவதில் தோலடி முறை பின்தங்கவில்லை. ஆனால், நரம்புப் பாதிப்பு சிரை வழியில் பெற்றவர்களுள் 53 சதவீதம் பேருக்கும், தோலடி முறையில் பெற்றவர்களுள் 38 சதவீதம் பேருக்கும் ஏற்பட்டது. கடுமையான பாதிப்பு 16 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்திருந்தது. இதன் பின்னரே தோலடி முறை பரவலானது.

தோலடி ஊசிக்கு ஒரு மில்லிலிட்டரில் 2.5 மில்லிகிராம் இருக்குமாறும், சிரை வழி ஊசிக்கு ஒரு மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் இருக்குமாறும் மருந்து கரைக்கப்படுகிறது. இரண்டின் அடர்த்தியும் வெவ்வேறு என்பதால், ஊசிக் குழலின் மேல் எந்த வழி என்பது எழுதி ஒட்டப்பட வேண்டும். இந்த மருந்து முதுகுத் தண்டுவடத் திரவத்தில் ஒருபோதும் செலுத்தப்படக் கூடாது. தவறுதலாக அவ்வாறு செலுத்தப்பட்டபோது உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. வேறு மருந்துக்காக முதுகில் ஊசி போட வேண்டியிருந்தால், இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே தட்டில் கொண்டுவராமல் இருப்பது பாதுகாப்பு நடைமுறை.

ஊசி போடும் இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். வயிற்றின் வலப்புறம், இடப்புறம், வலத் தொடை, இடத் தொடை என முறைவைத்துக்கொள்ளலாம். முந்தைய இடத்திலிருந்து குறைந்தது ஓர் அங்குலம் தள்ளியே அடுத்த ஊசி போடப்பட வேண்டும். சிவந்த, கன்றிய, கடினமான, வலியுள்ள தோலில் போடக் கூடாது. ஊசி போட்ட இடம் சில நாள்கள் சிவந்திருப்பது இயல்பு. சிவப்பு பரவினாலோ, சீழ் கட்டினாலோ தெரிவிக்க வேண்டும்.

தொடங்கும் முன் சொல்ல வேண்டியவை

சர்க்கரை நோய், குறைந்த இரத்த அழுத்தம், இதய நோய், கல்லீரல் நோய், ஏற்கெனவே உள்ள கால் மரமரப்பு ஆகியவற்றை மருத்துவரிடம் முன்கூட்டியே கூற வேண்டும். மருந்தில் போரான் என்ற தனிமம் உள்ளது. பொடியில் மேனிட்டால் சேர்க்கப்பட்டிருக்கும். இவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்த ஊசி ஏற்றதன்று.

காசநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் அதை அவசியம் தெரிவிக்க வேண்டும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், இரத்தத்தில் போர்டெசோமிப்பின் அளவைப் பெருமளவு குறைத்துவிடுகிறது. வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின், கார்பமாசெபின் ஆகியவற்றுக்கும் இத்தகைய தன்மை உண்டு. மாறாக, பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகொனசோல் போன்றவை மருந்தின் அளவை உயர்த்திப் பக்க விளைவுகளைக் கூட்டக்கூடும்.

பச்சைத் தேயிலையில் உள்ள ஒரு வேதிப்பொருள் போர்டெசோமிப்புடன் இணைந்து அதைச் செயலிழக்கச் செய்வது ஆய்வகச் சோதனைகளில் கண்டறியப்பட்டுள்ளது. அதிக அளவு வைட்டமின் சி மாத்திரைகளும் மருந்தின் வீரியத்தைக் குறைக்கலாம். ஆகவே, சிகிச்சைக் காலத்தில் பச்சைத் தேநீரையும், அதன் சாறு அடங்கிய மாத்திரைகளையும், வைட்டமின் சி மாத்திரைகளையும் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறது. அன்றாட உணவில் உள்ள பழங்களையும் காய்கறிகளையும் நிறுத்த வேண்டியதில்லை. கஷாயம், லேகியம், சத்து மாத்திரை என எதை உட்கொண்டாலும் அதன் பெயரை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மரமரப்பு: மறைக்கக் கூடாத அறிகுறி

நரம்புப் பாதிப்பு வழக்கமாகக் கால் விரல்களில் தொடங்குகிறது. ஊசி குத்துவது போன்ற உணர்வு, எரிச்சல், பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வு, செருப்பு கழன்றதே தெரியாமை, சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறுவது, படிக்கட்டில் கால் இடறுவது ஆகியவை இதன் அடையாளங்கள். சர்க்கரை நோயாளிகளிடம் இவற்றைப் 'பழைய தொல்லைதானே' என ஒதுக்கிவிடும் அபாயம் அதிகம்.

இதற்கான நடைமுறை தெளிவாக வகுக்கப்பட்டுள்ளது. வலியற்ற, லேசான மரமரப்பு மட்டும் இருந்தால் அளவை மாற்ற வேண்டியதில்லை, கவனித்துவந்தால் போதும். மரமரப்புடன் வலியும் சேர்ந்தாலோ, வீட்டு வேலைகளைச் செய்வது சிரமமானாலோ, 1.3 மில்லிகிராம் அளவு 1 மில்லிகிராமாகக் குறைக்கப்படுகிறது. வாரம் இருமுறை என்பது ஒருமுறையாகவும் மாற்றப்படலாம். அதைவிடக் கடுமையானால் ஊசி தற்காலிகமாக நிறுத்தப்பட்டு, பாதிப்பு தணிந்த பின் 0.7 மில்லிகிராம் அளவில் வாரம் ஒருமுறையாக மீண்டும் தொடங்கப்படுகிறது. உயிருக்கு ஆபத்தான அல்லது முடங்கச் செய்யும் அளவுக்கு முற்றினால் மட்டுமே மருந்து கைவிடப்படுகிறது.

உரிய நேரத்தில் அளவு குறைக்கப்பட்டவர்களுள் பலருக்கு, சில மாதங்களில் மரமரப்பு குறையவோ மறையவோ செய்கிறது. சிலருக்கு ஓரளவு நிலைத்துவிடுவதும் உண்டு. ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் நோயாளி தாமாகவே இதைப் பற்றிப் பேச வேண்டும். கேட்கப்படாவிட்டாலும் சொல்ல வேண்டும். உணர்விழந்த பாதங்களில் காயம் பட்டாலும் தெரியாது என்பதால், வெறுங்காலுடன் நடப்பதைத் தவிர்ப்பதும், குளிக்கும் நீரின் சூட்டை வேறொருவர் பார்த்துச் சொல்வதும் நல்லது.

தட்டணுக்கள், தொற்று, அக்கி

ஒவ்வொரு சுற்றிலும் இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை சரிந்து, கடைசி ஊசிக்குப் பின் மிகக் குறைந்த நிலையை அடைந்து, ஓய்வு நாள்களில் பெரும்பாலும் மீண்டுவிடுகிறது. அதனால்தான் ஊசிக்கு முன் இரத்தப் பரிசோதனை வலியுறுத்தப்படுகிறது. எண்ணிக்கை மிகவும் குறைந்திருந்தால் அன்றைய ஊசி தள்ளி வைக்கப்படும். இது நோய் முற்றியதன் அறிகுறி அன்று. ஈறில் இரத்தக் கசிவு, காரணமில்லாத கன்றல், கருநிற மலம் ஆகியவை தென்பட்டால் தாமதிக்கக் கூடாது. மருத்துவர் அனுமதியின்றி வலி மாத்திரைகளை வாங்கி உட்கொள்ளக் கூடாது. அவற்றுள் பல, இரத்தக் கசிவைக் கூட்டுவதோடு, மைலோமா நோயாளியின் சிறுநீரகத்துக்கும் கேடு விளைவிப்பவை.

சின்னம்மை வந்து சென்ற பின் உடலில் உறங்கிக் கிடக்கும் வைரஸ், இந்த மருந்தால் விழித்தெழுந்து அக்கியாக வெளிப்படுவது அடிக்கடி காணப்படும் சிக்கல். இதைத் தடுக்க அசைக்ளோவிர் போன்ற மாத்திரை தினமும் தரப்படுகிறது. அக்கி வராததால் மாத்திரை தேவையில்லை எனக் கருதி நிறுத்துவது தவறு. மாத்திரையால்தான் அது வராமல் இருக்கிறது. உடலின் ஒரு பக்கத்தில் எரிச்சலுடன் கொப்புளங்கள் தோன்றினால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். உயிருள்ள கிருமிகள் அடங்கிய தடுப்பூசிகளைச் சிகிச்சைக் காலத்தில் போட்டுக்கொள்ளக் கூடாது.

தலைச்சுற்றல், வயிற்றுக் கோளாறு, சர்க்கரை

படுக்கையிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ எழும்போது இரத்த அழுத்தம் சட்டெனக் குறைந்து தலை சுற்றலாம். மெதுவாக எழுந்து, சற்று அமர்ந்து, பின் நிற்பது பாதுகாப்பானது. இரத்த அழுத்த மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். தலைச்சுற்றலோ மங்கலான பார்வையோ இருக்கும்போது வாகனம் ஓட்டக் கூடாது.

வயிற்றுப்போக்கு, வாந்தி, மலச்சிக்கல் ஆகிய மூன்றுமே நேரக்கூடியவை. நீரிழப்பு சிறுநீரகத்தை மேலும் பாதிக்கும் என்பதால், உப்பு-சர்க்கரைக் கரைசல் அருந்துவதோடு மருத்துவமனைக்கும் தெரிவிக்க வேண்டும். உடன் தரப்படும் டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை உயர்த்தும். மாத்திரை உட்கொள்ளும் சர்க்கரை நோயாளிகளிடம் போர்டெசோமிப்பால் சர்க்கரை ஏறவும் இறங்கவும் கூடும். எனவே அவர்கள் வீட்டில் அடிக்கடி அளவு பார்க்க வேண்டும்.

கருத்தரிப்பும் தாய்ப்பாலும்

இந்த மருந்து கருவுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியது. பெண்கள் சிகிச்சையின்போதும், முடிந்து 7 மாதங்கள் வரையிலும், ஆண்கள் 4 மாதங்கள் வரையிலும் கருத்தடை முறையைப் பின்பற்ற வேண்டும். சிகிச்சையின்போதும் முடிந்து 2 மாதங்கள் வரையிலும் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது. லெனலிடோமைடும் சேர்த்துத் தரப்பட்டால் கட்டுப்பாடுகள் இன்னும் கடுமையானவை.

செலவைக் குறைக்கும் வழிகள்

இந்திய நிறுவனங்கள் பல இந்த மருந்தைப் பொதுப் பெயரில் தயாரிக்கின்றன. தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இது இடம்பெற்றுள்ளதால், பட்டியலில் உள்ள வடிவத்துக்கு அரசு விலை உச்சவரம்பு பொருந்தும். குப்பியின் மேல் அச்சிடப்பட்ட விலையைக் கொண்டு மருத்துவமனைகளின் செலவை ஒப்பிட இயலாது. வாங்கும் விலை குறித்து நேரடியாகக் கேட்டறிய வேண்டும்.

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு வழங்கப்படுகிறது. 2024ஆம் ஆண்டு முதல், 70 வயது நிறைந்த அனைவரும் வருமான வரம்பின்றி இதில் சேர்க்கப்பட்டுள்ளனர். மைலோமாவுக்கான போர்டெசோமிப் சிகிச்சையும் இத்திட்டத்தின் தொகுப்புகளில் உள்ளது. முதல் ஊசிக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மையத்தை அணுகி, ஒப்புதல் பெற்றுக்கொள்வது நல்லது. பணத் தட்டுப்பாட்டால் சுற்றுகளுக்கு நடுவே சிகிச்சையை நிறுத்துவதைவிட, முன்கூட்டியே சொல்லி மாற்று வழி கேட்பது மேல்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

- 100.4 பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம்
- மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கால் வீக்கம்
- நிற்காத இரத்தக் கசிவு
- மயக்கம், வலிப்பு, குழப்பம், திடீர்ப் பார்வைக் குறைவு, தாங்க முடியாத தலைவலி
- நிற்காத வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு, சிறுநீர் குறைதல்
- முதுகுவலியுடன் கால்கள் வலுவிழத்தல், சிறுநீர் கழிக்க இயலாமை

ஊசி போட்ட தேதி, இடம், அளவு, அன்றைய தட்டணுக்களின் எண்ணிக்கை, கை கால் மரமரப்பின் நிலை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொரு முறையும் உடன் எடுத்துச் செல்வது பயனளிக்கும். வெளியூரில் அவசர சிகிச்சை தேவைப்பட்டால், அங்குள்ள மருத்துவருக்கு அதுவே முதல் தகவலாக அமையும்.

இவை பொதுவான தகவல்கள். மருந்தின் அளவு, இடைவெளி, நிறுத்தம் ஆகியவற்றை நோயாளியின் நிலையை அறிந்த இரத்தவியல் அல்லது புற்றுநோய் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.